வானம் அழுததா, மழை பெய்ததா? அச்சகத்தில் கற்ற அணிகள்

அணி இலக்கணத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு அது ஒரு பெயர்ப்பட்டியலாகத்தான் நினைவிருக்கும். உவமை, உருவகம், தற்குறிப்பேற்றம், வஞ்சப்புகழ்ச்சி என்று வரிசையாகப் பெயர்கள்; ஒவ்வொன்றுக்கும் ஒரு வரைவிலக்கணம், ஒரு செய்யுள். சோதனை முடிந்தால் பெயர் மட்டும் தங்கும். நான் இவற்றைத் திரும்பக் கற்றது கொழும்பில் ஒரு சின்ன அச்சகத்தில், மற்றவர்கள் எழுதிக்கொண்டு வரும் வசனங்களைத் திருத்தும் மேசையில். அங்கே ஒரு விஷயம் விளங்கியது. நன்றாக அமைந்த உவமையைப் பார்த்து உவமையைக் கற்பது கடினம். அது கண்ணில் படாது, வாசித்துக்கொண்டு போய்விடுவோம். பிசகிய உவமைதான் தன் உறுப்புகளைக் கழற்றிக் காட்டும். உருவகம் பிசகுவது ஒரு மாதிரி, மிகைப்படுத்தல் பிசகுவது வேறு மாதிரி. எது எப்படிப் பிசகும் என்று தெரிந்தால் அந்த அணி கைக்கு வந்த மாதிரித்தான்.

எங்கள் அச்சகம் கொட்டாஞ்சேனைப் பக்கம். கலியாணக் காட், கோயில் நோட்டீஸ், பாடசாலை மலர், பில் புத்தகம் எல்லாம் அடிப்போம். ஆனால் எழுத்து வேலை கூட இருப்பது நினைவு மலர்களில். யாழ்ப்பாணத்தார் அதைக் கல்வெட்டு என்பார்கள். ஒருவர் காலமானபின் 31ஆம் நாள் வருகிறவர்களுக்குக் கொடுக்கிற சின்னப் புத்தகம்: தேவாரம், திதி வெண்பா, வாழ்க்கை வரலாறு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், நன்றி நவிலல். வெள்ளவத்தையிலிருந்து நேரில் கொண்டுவருவார்கள். கனடாவிலிருந்து மருமகள் வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். அனேகமாக எழுதுகிறவர் வாழ்க்கையில் முதல்முறையாகப் பேனா பிடிக்கிறவர். அதனாலேயே அணிகள் கொட்டிக் கிடக்கும்.

முதலில் உருவகம், ஏனென்றால் அதில்தான் சிரிப்பும் கூட. ஓய்வுபெற்ற ஓர் அதிபரின் மலருக்கு வந்த வசனம் இது: "கல்விக் கடலில் விதை தூவி, அறிவுச் சுடரால் எம் வாழ்வுக்கு நீரூற்றினார்." எழுதியவருக்கு அதிபர் மேல் உண்மையான மரியாதை, கண் கலங்கிக்கொண்டுதான் தந்தார். ஆனால் கடலில் விதைத்தால் எது முளைக்கும்? சுடரால் எப்படி நீரூற்றுவது? ஒவ்வொரு சொற்சேர்க்கையும் தனியே சரி. கல்விக் கடல் சரி, அறிவுச் சுடர் சரி. அவற்றை ஒன்றாக வைத்ததும் ஒன்றையொன்று அணைத்துவிடுகின்றன.

இங்கேதான் உவமைக்கும் உருவகத்துக்கும் உள்ள வேறுபாடு கைக்குத் தட்டுப்படும். உவமையில் இரண்டு பொருளும் தள்ளித் தள்ளி நிற்கும். 'போல' நடுவில் நின்று இரண்டையும் பிரித்து வைத்திருக்கும். 'தாமரை முகம்' என்றால் தாமரை போன்ற முகம், பேச்சு முகத்தைப் பற்றியதுதான். 'முகத்தாமரை' என்று திருப்பிப் போட்டதும் முகமே தாமரை ஆகிவிடுகிறது. தாமரை ஆகிவிட்டால் அது மலர வேண்டும், வாட வேண்டும், வண்டு வர வேண்டும். தாமரை செய்யாத வேலையைச் செய்யக்கூடாது. உருவகம் எழுதிய கணத்திலிருந்து வினைச்சொல் உங்கள் கையில் இல்லை என்று சொல்லலாம். அதனால் நான் உருவகத்தைச் சரிபார்க்கும்போது பெயர்ச்சொல்லைப் பார்ப்பதேயில்லை. பென்சிலை எடுத்து வினைச்சொற்களுக்குக் கீழே கோடு போடுவேன்: தூவி, ஊற்றினார். இந்த வினைகள் எந்தப் பொருளுக்கு உரியவை? வயலுக்கு. அப்படியென்றால் கடலும் சுடரும் வெளியே. அந்த மலரில் கடைசியில் "நாங்கள் தரிசாகக் கிடந்தோம். உழுதார், விதைத்தார், எங்களில் சிலர் முளைத்தோம்" என்று வந்தது. 'சிலர்' என்ற சொல் எழுதியவருடையது. அதைக் கேட்டு முதலாளியே சிரித்துவிட்டார்.

உவமைக்கு வருவோம். உவமை எந்த அடிப்படையில் பிறக்கும் என்பதற்குத் தொல்காப்பியம் நான்கைச் சொல்கிறது: வினை, பயன், மெய், உரு. புலி போலப் பாய்ந்தான் என்றால் வினை. மழை போலக் கொடுத்தான் என்றால் பயன். உடுக்கை போன்ற இடை என்றால் மெய், அதாவது வடிவம். பவளம் போன்ற வாய் என்றால் உரு, அதாவது நிறம். பள்ளிக்கூடத்தில் இதை நான்கு எடுத்துக்காட்டாக மனனம் செய்துவிட்டு விட்டுவிடுகிறோம். உண்மையில் இது எழுதுகிறவருக்கான சோதனைக் கருவி. நீங்கள் ஒப்பிட நினைத்தது இந்த நான்கில் எது, வாசகர் எடுக்கப்போவது எது? இரண்டும் வேறாக இருந்தால் உவமை கவிழும்.

2022இல் எரிபொருள், காஸ் தட்டுப்பாடு வந்தபோது கொழும்பில் எழுதப்பட்டவற்றில் எல்லா இடத்திலும் ஒரு வசனம் இருந்தது: வரிசை பாம்பு போல நீண்டிருந்தது. வடிவம் என்று பார்த்தால் குறையில்லை, வளைந்து வளைந்துதான் போனது. ஆனால் பாம்பின் சிறப்பு என்ன? நழுவி ஓடுவது. வரிசையின் சிறப்பு என்ன? நகராமல் கிடப்பது. எழுதியவருக்கு மெய் தேவைப்படவில்லை, வினை தேவைப்பட்டது, அதாவது அசையாமை. பாம்பு அதற்கு நேர் எதிரான பிராணி. இந்தக் கேள்வியை ஒருமுறை கேட்டுவிட்டால், கைக்கு முதலில் வரும் உவமைகளில் பாதி தானாக உதிர்ந்துவிடும்.

இன்னொரு பொல்லாப்பு, உவமானம் தனியாக வராது. தன் குணம் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு வரும். அப்பாமாருக்கு எல்லோரும் எழுதுவது ஆலமரம். நிழல் தந்தார், விழுது விட்டார், சரி. ஒரு மகள் புரூஃப் பார்க்க வந்தபோது, மூத்த அண்ணன் எழுதிய அந்த வரியைப் பார்த்துவிட்டு, "அப்பா ஆலமரந்தான் அக்கா. கீழ எங்கள் ஒருத்தரையும் எழும்ப விடயில்லை" என்றாள். அண்ணன் நிழலை எடுத்தார், தங்கை அடியில் எதுவும் வளராததை எடுத்தாள். ஒரே மரம். அவள் சொன்னதுதான் உயிருள்ள உவமை என்று நான் நினைத்தேன், சொல்லவில்லை. கல்வெட்டில் ஆலமரம் அப்படியே போனது; அது அந்தக் குடும்பத்தின் விஷயம். ஆனால் கதையோ கட்டுரையோ எழுதுகிறவர்கள் உவமானத்தின் மறுபக்கத்தையும் ஒருமுறை திருப்பிப் பார்ப்பது நல்லது. சிலவேளை அந்த மறுபக்கம்தான் எழுதவேண்டியதாக இருக்கும்.

'இலவு காத்த கிளி', 'அத்தி பூத்தாற்போல' மாதிரியான உவமைத் தொடர்களைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. சாதாரண தரச் சோதனைக்குப் படிக்கிற பிள்ளைகள் அவற்றைப் பட்டியலாக விழுங்குகிறார்கள். இலவங்காய் பழுக்காது, வெடித்துப் பஞ்சாகும். கிளி பழத்துக்குக் காத்திருந்து ஏமாறும். தலையணைக்குள் இருக்கும் பஞ்சு அந்தக் காயிலிருந்து வந்ததுதான் என்று சொன்னால் தொடர்மாடி வீட்டுப் பிள்ளைக்கும் சட்டென்று விளங்கும். விளங்கினபின் தேவையான இடத்தில் மட்டும் போடும். அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்தது ஆகுபெயர். இது அணி அல்ல, பெயர்ச்சொல் இலக்கணத்தில் வருவது என்று வாத்தியார்மார் கோபிப்பார்கள். இருக்கட்டும். ஒரு பொருளின் பெயரை இன்னொன்றுக்கு வைக்கிற வேலையில் உருவகத்துக்குச் சமமான இடம் அதற்கு உண்டு. கொழும்பில் வாழ்கிறவனுக்கு அது இல்லாமல் ஒரு நாள் ஓடாது.

தேர்தல் காலத்தில் ஒரு சலூனில் போய் இருந்து பாருங்கள். "இந்த முறை வீடும் சைக்கிளும் சேருமா?" "யானை எழும்பாது." "மொட்டு கருகிப்போச்சு." 2024இல் "திசைகாட்டி அடிச்சுக்கொண்டு போகுது." வெளியூர்க்காரர் கேட்டால் திகைத்துப்போவார். வீடு தமிழரசுக் கட்சி, சைக்கிள் தமிழ்க் காங்கிரஸ், யானை ஐக்கிய தேசியக் கட்சி, மொட்டு பொதுஜன பெரமுன, திசைகாட்டி தேசிய மக்கள் சக்தி. வாக்குச் சீட்டில் இருக்கும் சின்னம் கட்சிக்குப் பெயராகிவிட்டது. இதில் ஒப்புமை எதுவும் இல்லை. ஐக்கிய தேசியக் கட்சி யானை மாதிரி இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்ததால் வந்த பெயர்.

இதை வைத்து ஒரு சோதனை செய்யலாம். சந்தேகமான சொல்லோடு 'போல' சேர்த்துப் பாருங்கள். 'சிங்கம் வந்தது' என்று ஒருவரைச் சொன்னால், 'சிங்கம் போன்றவர் வந்தார்' என்று விரிக்கலாம். அது ஒப்புமைக் குடும்பம். 'செட்டியார் தெரு இன்று ஏறிவிட்டது' என்று ஒரு தாய் கலியாணத்துக்கு நகை செய்யும் கவலையில் சொன்னால், 'செட்டியார் தெரு போன்றது ஏறியது' என்று விரிக்க முடியாது. செட்டியார் தெருவில் விற்கும் தங்கத்தின் விலை ஏறியது என்றுதான் விரிக்க வேண்டும். இடத்தின் பெயர் அங்கே விற்கும் பொருளுக்குப் போய், அதிலிருந்து விலைக்கும் போயிருக்கிறது. 'கொழும்பு டில்லியிடம் கேட்டது' என்று பத்திரிகை எழுதினால் இரண்டு அரசாங்கங்கள். 'அவன் கொழும்பு ஏழு' என்றால் அவனுடைய காசும் தோரணையும். 'போல' ஒட்டினால் உவமைப் பக்கம், ஒட்டாவிட்டால் ஆகுபெயர்ப் பக்கம். பெரும்பாலான இடத்தில் இந்தச் சோதனை ஏமாற்றாது.

காஸ் வரிசையில் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைத்தது. ஆட்கள் இரவுபகலாக நிற்க முடியாததால் வெறுஞ் சிலிண்டர்களை வரிசையில் வைத்து, களவு போகாமல் ஒன்றோடொன்று சங்கிலியால் பிணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். "எனக்கு முன்னுக்கு நாப்பது சிலிண்டர் நிக்குது" என்று பக்கத்து வீட்டு அண்ணை ஃபோனில் சொன்னார். நிற்பது ஆட்கள் செய்கிற வேலை. சிலிண்டர் ஆளுக்காக நின்றது, தெருவிலும், அவர் வசனத்திலும். அந்த ஒரு வசனம், பாம்பு வரிசையை வைத்து எழுதிய அத்தனை கட்டுரைகளையும் தோற்கடித்துவிட்டது என்பது என் அபிப்பிராயம். அவர் அலங்காரம் செய்ய நினைக்கவேயில்லை. இருந்ததைச் சொன்னார்; இருந்ததே அப்படி இருந்தது.

ஆகுபெயர் பிசகுவது ஒரே இடத்தில்தான்: வாசகர் அந்த இடத்தில் வாழாதவராக இருந்தால். டொரொண்டோவில் பிறந்த பேத்திக்கு 'தாத்தா வீட்டுக்குத்தான் போடுவார்' என்ற வரி எதைச் சொல்லும்? அப்படி வரும்போது சுற்றியுள்ள வசனத்தில் ஒரு 'வாக்கு', ஒரு 'தேர்தல்' வைத்துவிட்டால் போதும். பெயரைப் பிரித்து விளக்கம் எழுதத் தேவையில்லை.

இனித் தற்குறிப்பேற்றம். எங்கள் அச்சகத்துக்கு இதைவிட அதிகம் வருவது வேறொன்றும் இல்லை: "அம்மாவின் இறுதி யாத்திரையில் வானமும் அழுதது." கொண்டுவந்த மகனிடம், "அண்டைக்கு மழை பெய்ததோ தம்பி?" என்று கேட்டேன். "இல்லை அக்கா, நல்ல வெயில். கனத்தை மயானத்தில நிக்கேலாமக் கிடந்தது."

சிரிக்கக் கூடாத நேரம். ஆனால் இலக்கணம் அந்த இடத்தில்தான் இருக்கிறது. தற்குறிப்பேற்றத்துக்கு முதல் நிபந்தனை, இயற்கையாக நடக்கிற ஒன்று உண்மையிலேயே நடக்க வேண்டும். கவிஞர் அதற்குக் காரணத்தை மட்டும் மாற்றுகிறார். எல்லோருக்கும் தெரிந்த எடுத்துக்காட்டு சிலப்பதிகாரத்தில் வருவது: கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்குகிறார்கள், கோட்டைக் கொடிகள் காற்றில் அசைகின்றன. காற்றால் அசைகிற கொடியை 'வராதே' என்று கைகாட்டுவதாக இளங்கோ எழுதினார். கொடி அசைந்தது உண்மை, காரணம் கற்பனை. அப்புறம் அங்கே நடக்கப்போவது நமக்குத் தெரியும் என்பதால் கற்பனைக்குக் கனம் வந்துவிடுகிறது. கொடியே அசையாமல் இருந்து 'கொடி தடுத்தது' என்று எழுதியிருந்தால் அணி இல்லை, வெறும் பேச்சு.

ஆகவே அந்தத் தம்பியிடம் அன்றைக்கு உண்மையில் என்ன நடந்தது என்று கேட்டேன். வெயில். வந்தவர்கள் எல்லோரும் அம்மாவின் பெட்டிக்கு மேலே குடை பிடித்தார்களாம், தங்களுக்குப் பிடிக்காமல். அதை அப்படியே எழுதச் சொன்னேன். வானம் அழுத வரியை எடுத்துவிட்டார். அணி ஒன்றும் இல்லாமல் வந்த அந்த வரியைப் பற்றித்தான் பிறகு நிறையப் பேர் பேசினார்கள் என்று சொன்னார்.

அணி ஒன்றும் இல்லாமல் என்று சொல்லிவிட்டேன், ஆனால் அது சரியா? தமிழ் அணி இலக்கண நூல்களில் முக்கியமான தண்டியலங்காரம் 35 பொருளணிகளைச் சொல்கிறது. பட்டியலில் முதலாவது உவமை அல்ல, தன்மை. உள்ளதை உள்ளபடி, அந்தப் பொருளின் இயல்பு தெரியச் சொல்வது. அதுவும் அணிதான் என்று எண்ணி, உவமைக்கும் உருவகத்துக்கும் முன்னால் வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் இதைத் தாண்டி ஓடிவிடுவோம், ஏனென்றால் சோதனையில் கேட்கச் சுவாரசியமாக எதுவும் அதில் இல்லை. பெட்டிக்குக் குடை பிடித்தார்கள் என்பது தன்மையணி. குடை என்றால் போதாது, யாருக்கு மேல் பிடித்தார்கள் என்று சொன்னதில்தான் அது அணியாகிறது. எதையாவது வர்ணிக்க வேண்டும் என்று உட்கார்ந்தால் முதலில் தன்மையை முயன்றுவிட்டு, அது போதாவிட்டால் மட்டும் உவமைக்குப் போங்கள் என்று இப்போது வருகிற எல்லோருக்கும் சொல்கிறேன். பாதிப் பேர் கேட்பதில்லை. உவமை இல்லாவிட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறார்கள்.

அந்த நினைப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. உவமானம் உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்பது பழைய விதி. அதை இறுகப் பிடித்துக்கொண்டு எல்லோரும் மேலே மேலே ஏறுகிறார்கள். பொறுமையில் பூமாதேவி, கொடையில் கர்ணன், அழகில் மகாலட்சுமி. பத்துக் கல்வெட்டைப் பக்கத்தில் வைத்தால் படத்தைப் பார்த்துத்தான் யார் யார் என்று கண்டுபிடிக்கலாம். உயர்வு நவிற்சி, அதாவது மிகைப்படுத்தல், பிசகுவது இப்படித்தான். பொய் என்பதால் அது பிசகுவதில்லை. மிகைப்படுத்தல் பொய் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் கோபிப்பதில்லை. எல்லோருக்கும் பொருந்துவதால்தான் பிசகுகிறது. 'அவர் பேசினால் காலி வீதி ஹோர்ன் எல்லாம் கேட்காது' என்று ஒரு பேரன் தன் தாத்தாவைப் பற்றி எழுதினான். அதுவும் மிகைதான். ஆனால் அந்தக் குரல் அந்த ஒரு தாத்தாவுக்குத்தான் உரியது.

மிகையே வேண்டாம் என்று சொல்லக்கூடிய இடமும் உண்டு. உண்மையே மிகையாக இருந்தால் எண்ணைச் சொன்னால் போதும். 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுக்கு மட்டும் எடுத்தால் 95ஐ நெருங்கியது. 'விலைவாசி வானைத் தொட்டது' என்று எழுதியவர்களுக்கு அந்த வருடத்தில் வானம் தாழ்வாகத்தான் இருந்தது. அந்தக் காலத்தில் கடதாசிக்கும் தட்டுப்பாடு, மார்ச் மாதம் மேல்மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. எங்களிடம் கலியாணக் காட் அடிக்க வந்தவர்களுக்கு 'கடதாசி தங்கமாகிப் போச்சு' என்று விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை. விலையைச் சொன்னோம், அவர்களே தலையில் கைவைத்தார்கள்.

வஞ்சப்புகழ்ச்சி என்பது புகழ்வது போல இகழ்வது, இகழ்வது போலப் புகழ்வது. ஔவையார் அதியமானின் தூதுவராகத் தொண்டைமானிடம் போனபோது அவன் தன் ஆயுதசாலையைக் காட்டினான். உன் ஆயுதங்கள் மயிற்பீலி சூடி, மாலை அணிந்து, நெய் பூசிக் காவலுக்குள் அழகாக இருக்கின்றன. எங்கள் அரசனுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். கேட்க அவனுக்குப் புகழ் மாதிரி இருக்கும். யோசித்தால் சொல்வது, நீ சண்டை போட்டதே இல்லை என்று.

இது அச்சில் ஆபத்தான அணி. முகத்தில் சிரிப்பு இல்லை, குரலில் இழுப்பு இல்லை. ஓர் அலுவலகத்தில் ஓய்வுபெறுகிற மேலாளருக்கான வாழ்த்துமலரில் சக ஊழியர் ஒருவர், "ஐந்து மணிக்குப் பிறகு இவரை அலுவலகத்தில் கண்டவர் எவரும் இல்லை, குடும்பத்தின் மேல் அத்தனை பாசம்" என்று எழுதியிருந்தார். நான் முதலாளியைப் பார்த்தேன், முதலாளி என்னைப் பார்த்தார். கேட்காமல் அடித்தோம். மேலாளர் வாசித்துவிட்டு மிகவும் சந்தோஷப்பட்டார் என்று கேள்வி. எழுதியவருக்கு அது வெற்றியா தோல்வியா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஔவையின் தூதில் தொண்டைமானுக்கு விளங்க வேண்டும், விளங்காவிட்டால் தூது வீண். மேலாளர் விஷயத்தில் விளங்காமல் இருப்பதே நோக்கமாக இருக்கலாம். வஞ்சப்புகழ்ச்சி எழுதுவதற்கு முன் யாருக்கு விளங்க வேண்டும், யாருக்கு விளங்கக் கூடாது என்று தீர்மானித்துக்கொள்ள வேண்டும். இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் எழுதாமல் விடுவது நல்லது.

பிறிது மொழிதலைப் பற்றி ஒரு வார்த்தை. சொல்ல வந்ததைச் சொல்லாமல் வேறொன்றைச் சொல்லி விளங்க வைப்பது அது. மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்கிறது குறள். புறக்கோட்டையில் மூட்டை சுமக்கிற நாட்டாமைமார் தள்ளுகிற வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் வள்ளுவர் பேசுவது வண்டியைப் பற்றி அல்ல, பலவீனமானவர்கள்தானே என்று பலரைப் பகைத்துக்கொள்ளும் அரசனைப் பற்றி. அவனைப் பற்றி அந்தக் குறளில் ஒரு சொல்கூட இல்லை. வலியறிதல் என்ற அதிகாரத்தில் இருப்பதால்தான் தெரிகிறது. ஆகவே இந்த அணி முழுக்க முழுக்கச் சுற்றுப்புறத்தை நம்பி நிற்பது. உங்கள் கட்டுரையில் ஒரு பழமொழியைத் தனியாகத் தூக்கி வைத்தால், அது வண்டிக்காரருக்குச் சொன்ன புத்திமதியாகத்தான் நிற்கும்.

மரணத்தைச் சுற்றி மூடிச் சொல்லும் சொற்களும் உண்டு. நன்னூல் இவற்றைத் தகுதி வழக்கில் சேர்க்கிறது. அதில் மூன்று உண்டு: மங்கலம், சபையில் சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்லும் இடக்கரடக்கல், ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் பேசும் குழூஉக்குறி. இறந்தார் என்பதற்குக் காலமானார் என்பது மங்கலம். எங்கள் வேலையில் இது அழகு பற்றியது அல்ல, வேலை போகிற விஷயம். சைவக் குடும்பத்துக்குச் சிவபதம், கிறிஸ்தவக் குடும்பத்துக்குக் கர்த்தருக்குள் நித்திரை, முஸ்லிம் குடும்பத்துக்கு வபாத். பழைய கோப்பை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி அடிக்கிற அவசரத்தில் ஒன்று மற்றொன்றுக்குப் போய்விட்டால், மன்னிப்புக் கேட்டு முடியாது. குழூஉக்குறிக்குப் பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்று சொல்வதைத்தான் எல்லாப் புத்தகமும் எடுத்துக்காட்டும். செட்டியார் தெருப் பட்டறையில் வேலை செய்த ஒரு பெரியவரின் கல்வெட்டு வந்தபோது, தொழிலாளருக்குள் பேசுகிற சொற்களை அவர் மகனிடம் கேட்டுப் பார்த்தேன். "அதெல்லாம் வெளியில சொல்றதில்லை அக்கா" என்றார். நியாயந்தானே.

எங்கள் தொடர்மாடியில் சாதாரண தரம் எடுக்கிற ஒரு பிள்ளை, விடை எழுதுவது எப்படி என்று கேட்டு வருவாள். அணியின் பெயரை முதலில் எழுதாதே என்பதுதான் நான் அவளுக்குச் சொல்வது. பெயரை எழுதிவிட்டால் பிறகு அந்தப் பெயருக்குப் பொருந்துகிற மாதிரி செய்யுளை வளைக்கத் தொடங்குவாள். முதலில் செய்யுளில் உண்மையாக நடப்பது என்ன என்று சாதாரண வசனத்தில் எழுத வேண்டும். கொடி அசைகிறது. அடுத்து, புலவர் அதற்கு மேல் எதைச் சேர்த்தார் என்று எழுத வேண்டும். கைகாட்டித் தடுப்பதாகச் சொன்னார். சேர்த்தது ஒப்புமையா, காரணமா, பக்கத்தில் இருந்த வேறொன்றின் பெயரா? அதற்குப் பிறகு பெயர் தானாக வரும். உவமையாக இருந்தால் எதை, எதோடு, எந்தத் தன்மையால் என்று மூன்றையும் எழுதினால் முழுப் புள்ளி. 'போல', 'அன்ன', 'நிகர்' என்று உருபு வெளியே தெரிந்தால் அதையும் குறிப்பிட வேண்டும். உருபு தெரியவில்லை என்றால் உடனே உருவகம் என்று பாயக்கூடாது, உவமைத்தொகையாகவும் இருக்கலாம். தாமரை முகமா முகத்தாமரையா என்று சொல் வரிசையைப் பார்க்க வேண்டும். போன கிழமை மாதிரி வினாத்தாளில் இந்த ஒழுங்கில் எழுதிப் பார்த்தாள். இரண்டு அணிக்கும் விடை சரி, நேரம் மட்டும் கொஞ்சம் கூடப் போய்விட்டது. அதற்கு இனித்தான் வழி பார்க்க வேண்டும்.